விறகைப் பிளந்து உலர்த்துவோம்

(மாகறலில் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடியிருந்த கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



திருஞானசம்பந்தர் பாடிய தலமாகிய இம்மாகறலில், செய்யாற்றங்கரையில், இன்று நாம் கூடியிருக்கிறோம். சாலை, பாலம், குடிநீர், பள்ளிக் கட்டிடம் ஆகியவற்றைப் பற்றி இத்தகைய கூட்டங்களில் அடிக்கடி பேசுகிறோம். இன்று எடுத்துக்கொண்ட பொருள் அவற்றையெல்லாம் விடச் சிறியது. அடுப்பெரிக்கும் விறகை வீட்டிலேயே சிறு கருவி கொண்டு பிளப்பது எவ்வாறு, பிளந்ததை உலர்த்துவது எவ்வாறு என்பதே அது. பொருள் சிறிதாயினும், அதில் அடங்கியுள்ள நன்மை நம் தாய்மார்களின் கண்களையும் நுரையீரலையும், குடும்பத்தின் கைப்பணத்தையும், ஊரின் மரங்களையும் சார்ந்தது. ஆகவே சற்று விரிவாகவே பேச விரும்புகிறோம்.

இன்னும் விறகு எதற்கு?

"எரிவாயு வந்துவிட்டதே, இனி விறகைப் பற்றிப் பேசுவானேன்?" என்று சிலர் கேட்கக்கூடும். 2016-ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய உஜ்வலா திட்டத்தின் மூலமும், அதற்கு முன்னரே நம் மாநிலத்தில் நடைபெற்ற இலவச எரிவாயு அடுப்புத் திட்டத்தின் மூலமும், நம் வீடுகளில் எரிவாயு நுழைந்தது உண்மை. அது பெரும் நன்மை. சமையலை எரிவாயுவில் செய்ய இயன்றவர்கள் அதையே கைக்கொள்ள வேண்டுமென்பதில் நமக்கு மாறுபட்ட கருத்தில்லை.

எனினும் விறகடுப்பு நம் வீட்டுக் கொல்லையை விட்டு இன்னும் அகலவில்லை. குளிப்பதற்கு வெந்நீர் வைக்கவும், நெல் அவிக்கவும், கறவை மாட்டுக்குத் தீவனம் காய்ச்சவும் விறகே வேண்டியிருக்கிறது. உருளை தீர்ந்து அடுத்த உருளை வாங்கப் பணம் சேரும் வரை, சமையலும் அதே அடுப்புக்குத் திரும்புகிறது. கல்யாணப் பந்தியிலும் கோயில் மடைப்பள்ளியிலும் பெரிய அடுப்பு எரிகிறது. நம் காஞ்சிபுரத்துப் பட்டுக்கும் நெருப்புக்கும் நெருங்கிய தொடர்புண்டு. பட்டு நூலில் இயற்கையாகவே ஒட்டியிருக்கும் பசை, எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. சோப்பு நீரில் கொதிநிலைக்கு அருகில் நெடுநேரம் வைத்தே அப்பசையைப் போக்குகிறார்கள். அதன் பின்னரே சாயம் ஏறும். விறகு கொண்டு இவ்வேலையைச் செய்யுமிடத்தில், நெருப்பு ஒரு கணம் ஓங்கி மறுகணம் அவிந்தால் நிறம் சீராக வராது என்பதைச் சாயத்தொழில் செய்வோர் நன்கறிவார்கள்.

ஆகவே விறகு இன்னும் சில காலம் நம்மோடு இருக்கப்போகிறது. இருக்கும் வரை அதைச் செம்மையாகப் பயன்படுத்துவதே அறிவுடைமை.

அடுப்பைத் திருத்தினோம், விறகைத் திருத்தவில்லை

1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் நம் நாட்டில் சமுதாய அபிவிருத்தித் திட்டம் தொடங்கப்பெற்றது. அக்காலத்திலேயே புகையில்லா அடுப்பைக் கிராமங்களில் பரப்பும் முயற்சியும் நடைபெற்றது. ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவராயிருந்த எஸ். பி. ராஜு அவர்கள் அமைத்த அடுப்பு 1950-களில் புகழ் பெற்றது. பின்னர் 1983-ஆம் ஆண்டில் மேம்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டம் தொடங்கி, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடைபெற்றது. நாடெங்கும் இலட்சக்கணக்கான அடுப்புகள் கட்டப்பட்டன.

அவற்றுள் பல நாளடைவில் கைவிடப்பட்டன. காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று நம் பொருளுக்கு மிகவும் வேண்டியது. புகையில்லா அடுப்பின் வாய் சிறியது. உள்ளே செல்லும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தவே அவ்வாறு அமைத்தார்கள். அதில் கைம்மணிக்கட்டுப் பருமனுள்ள, ஒரு சாண் அல்லது ஒன்றரைச் சாண் நீளமுள்ள, உலர்ந்த விறகுதான் நுழையும். வீட்டிலோ தொடைப் பருமனுள்ள கட்டை கிடக்கிறது. அந்தக் கட்டையை என்செய்வது? அடுப்பின் வாயை இடித்துப் பெரிதாக்கினார்கள். இல்லையேல் பழைய மூன்று கல் அடுப்புக்கே திரும்பினார்கள். அடுப்பைத் திருத்த நிபுணர்கள் வந்தார்கள்; அவ்வடுப்புக்கேற்ற விறகை வீட்டில் ஆக்கிக்கொள்ளும் வழியைச் சொல்லியவர் சிலரே. அவ்வழியைத்தான் இன்று நாம் ஆராய்கிறோம்.

கோடரி இருக்கிறதே எனலாம். கோடரியை ஓங்கி வெட்டுதல் வலிவும் பழக்கமும் உள்ளவருக்கே இயலும். வீட்டு ஆண்மக்கள் வேலைக்குப் போய்விடுகிறார்கள். கூலிக்கு விறகு பிளப்பவர் வரும் நாள் எதுவோ தெரியாது. அதுவரை தாய்மார்கள் முழுக் கட்டையை அடுப்பில் செருகி, ஊதுகுழலால் ஊதி, கண்ணீர் வடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அல்லது தாமே கோடரியைத் தூக்கிக் காலைக் காயப்படுத்திக்கொள்கிறார்கள். வீட்டினுள் பரவும் புகையால் 2020-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என்று உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டிருக்கிறது. அவர்களுள் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் 2 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். இது அடுப்பங்கரையில் தாயின் இடுப்பில் இருக்கும் குழந்தையைப் பற்றிய கணக்கு என்பதை நாம் மறத்தலாகாது.

பிளப்பதால் என்ன பயன்?

நெசவாளர் நிறைந்த இப்பகுதியில் மரத்தின் அமைப்பை விளக்குவது எளிது. தறியிலே நீளவாட்டில் பாவும், குறுக்கே ஊடையும் ஓடுகின்றன. மரத்திலோ பெரும்பாலும் பாவுதான். ஊடை மிகக் குறைவு. நீளவாட்டில் ஓடும் நார்களைக் குறுக்கே அறுப்பது கடினம். ஆனால் ஒரு நாரை அடுத்த நாரினின்று பிரிப்பது எளிது. ஆகையால் கட்டையைக் குறுக்கே துண்டாக்க வாள் வேண்டும். நீளவாட்டில் பிளக்க ஆப்பே போதும். கணு உள்ள இடத்தில் கிளையின் நார் குறுக்கே பாய்வதால், அங்கே ஊடை நெருங்கிய துணிபோல் மரம் பிரிய மறுக்கிறது.

மரத்தினுள் இருக்கும் நீரும் அந்த நார் வழியேதான் எளிதில் நகர்கிறது. வெட்டு முனை வழியாக நீர் விரைந்து வெளியேறும்; பட்டை வழியாக மிக மெதுவாகவே கசியும். ஆகவே முதலில் குட்டையாக அறுக்க வேண்டும். அடுத்துப் பிளந்து பட்டையின் மூட்டத்தைப் போக்க வேண்டும். ஒரு கணக்குப் பார்ப்போம். 20 சென்டிமீட்டர் குறுக்களவும் 40 சென்டிமீட்டர் நீளமும் உள்ள ஓர் உருண்டைக் கட்டையின் மேற்பரப்பு ஏறத்தாழ 3,140 சதுர சென்டிமீட்டர். அதையே நான்காகப் பிளந்தால் 6,340 சதுர சென்டிமீட்டர் ஆகிறது. கட்டை அதேதான், காற்றும் வெயிலும் படும் பரப்பு இரு மடங்காகிவிட்டது. புதிதாகத் தோன்றிய பரப்பு முழுவதும் பட்டையில்லாத பரப்பு என்பதையும் கவனிக்க வேண்டும்.

இனி நீரின் கணக்கு. அன்று வெட்டிய மரத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை நீராகவே இருக்கும். 10 கிலோ பச்சை விறகு வாங்கினால் அதில் 4 கிலோ நீர் என்று வைத்துக்கொள்வோம். நாம் விறகின் விலை கொடுத்து 4 கிலோ தண்ணீரையும் வாங்குகிறோம். அடுப்பில் அந்நீர் ஆவியாவதற்கு, கிலோ ஒன்றுக்கு 600 கிலோ கலோரிக்கு மேல் வெப்பம் செலவாகிறது. நன்குலர்ந்த ஒரு கிலோ மரம் தரும் வெப்பமோ ஏறத்தாழ 4,500 கிலோ கலோரி. ஆக, அந்நீரை விரட்டுவதற்காக மட்டும் அரைக் கிலோவுக்கு மேற்பட்ட விறகு எரிந்து போகிறது.

இதனினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. மரம் சூடேறும்போது முதலில் எரியக்கூடிய ஆவிகளை வெளிவிடுகிறது. நெருப்பு நல்ல வெம்மையோடிருந்தால் அவ்வாவிகள் சுடராக எரிந்து வெப்பம் தருகின்றன. ஈரத்தால் நெருப்பு தணிந்திருந்தால் அவை எரியாமலே புகையாகி, கூரையில் கரியாகவும், மார்பில் இருமலாகவும் தங்குகின்றன. புகை என்பது எரியாமற்போன விறகே. புகையைக் குறைப்பதும் விறகைச் சிக்கனப்படுத்துவதும் ஒரே வேலை.

எந்த மரம்?

நம் பகுதியில் கிடைப்பவை பெரும்பாலும் சவுக்கும் சீமைக் கருவேலும். 19-ஆம் நூற்றாண்டில் நீராவி இரயில்களுக்கு எரிபொருள் வேண்டிக் கடற்கரையோரங்களில் சவுக்குத் தோப்புகள் வளர்க்கப்பட்டன. சவுக்கு நேராக வளர்வதால் நேராகவே பிளக்கும். புதிதாகக் கருவியைப் பழகுவோர் சவுக்கில் தொடங்குவது நன்று.

சீமைக் கருவேல் 1870-களில் வெளிநாட்டிலிருந்து விதை தருவித்து அன்றைய சென்னை மாகாணத்தில் நடப்பட்ட மரம். வறட்சி தாங்கும், விறகு தரும் என்று கருதியே கொண்டுவந்தார்கள். இன்று அது ஏரியையும் வாய்க்காலையும் புறம்போக்கையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. தமிழ்நாடு அரசு 2022-ஆம் ஆண்டில் வகுத்த, அயல்நாட்டுக் களைத் தாவரங்களை அகற்றும் கொள்கையில் இம்மரமும் அடங்கும். அதை அகற்றுவது நீர்நிலைக்கும் நன்மை, அடுப்புக்கும் நன்மை. சீமைக் கருவேல் விறகு கனமானது, நின்று எரியும். ஆனால் கோணலும் கணுவும் முள்ளும் மிகுந்தது. காய்ந்தபின் இரும்பைப் போல் இறுகிவிடும். ஆதலின் வெட்டிய சில நாட்களுக்குள், பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும். நேரான பகுதிகளை மட்டும் கருவிக்கு ஒதுக்குங்கள். கவைகளையும் வேர்க்கட்டைகளையும் வீட்டுக் கருவியில் வைத்து மல்லாட வேண்டா. அவற்றைக் கரி சுடுவோருக்குக் கொடுத்துவிடலாம்.

ஏரியிலும் புறம்போக்கிலும் உள்ள மரம் பொதுச் சொத்து. உரிய அனுமதியும் ஏலமும் இன்றி எவரும் அதில் கோடரி வைத்தலாகாது. நமக்கு அண்மையிலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழர் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்னும் குழுக்களைப் பற்றிக் கூறுகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஏரியையும் தோட்டத்தையும் தனித்தனிக் குழுவின் பொறுப்பில் வைத்த பகுதி இது. அப்பொறுப்பு இன்று பஞ்சாயத்து உறுப்பினர்களாகிய உங்களிடம் இருக்கிறது.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அரளி மரத்தை ஒருபோதும் அடுப்பில் வைத்தலாகாது. அதன் புகையும் நஞ்சு. வர்ணம் பூசிய பழம் பலகைகளும் அடுப்புக்கு ஆகா.

வீட்டுக்கேற்ற கருவிகள்

விறகு பிளக்கும் சிறு கருவிகளை மூன்று வகையாகக் கூறலாம்.

முதலாவது, நிலையாகப் பொருத்திய கத்தி. இதில் கத்தி மேல்நோக்கி நிற்கும். அதைச் சுற்றி இரும்பு வளையம் இருக்கும். விறகை வளையத்தினுள் கத்தியின்மேல் நிறுத்தி, மேலே சம்மட்டியால் அடித்தால் விறகு தானே இரண்டாகும். கத்தி அசைவதில்லை, கோடரியை ஓங்க வேண்டுவதில்லை. இவ்வகைக் கருவி ஒன்று உருவான வரலாறு கேட்கத்தக்கது. நியூசிலாந்து நாட்டில் அய்லா ஹட்சின்சன் என்னும் பள்ளி மாணவி, தம் தாயார் கைக்கோடரியால் சிறு விறகு பிளக்கும்போது விரலில் காயப்பட்டதைக் கண்டார். 2010-களின் தொடக்கத்தில், பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக இத்தகைய கருவியைச் செய்தார். பின்னர் அது வார்ப்பிரும்பில் செய்யப்பட்டு உலகின் பல நாடுகளில் விற்பனையாயிற்று. அடுப்பங்கரையின் துன்பத்தை நேரில் கண்ட ஒரு சிறுமிக்கு அதற்கு வழியும் தோன்றியது. நம் பள்ளிப் பிள்ளைகளும் இவ்வாறு முயலலாம்.

முழங்கைப் பருமன் வரையுள்ள விறகுக்கு இக்கருவி போதும். விலையும் குறைவு, மின்சாரமும் வேண்டா. உள்ளூர்க் கொல்லர் லாரி ஸ்பிரிங் பட்டையைக் கொண்டு கத்தியையும், தடித்த இரும்பால் வளையத்தையும் செய்து தரக்கூடும். அடிப்பாகத்தைக் கனமான மரக்கட்டையில் மரையாணி கொண்டு இறுக்க வேண்டும். விறகு பாதிக்கு மேல் இறங்கிவிட்டால் சம்மட்டி நேரே கத்தியின்மேல் படக்கூடும். எஃகுச் சில்லு தெறித்துக் கண்ணைக் கெடுத்துவிடும். அந்நிலையில் மற்றொரு விறகை மேலே வைத்து அதன்மேல் அடிக்க வேண்டும்.

இரண்டாவது, ஜாக்கி கொண்டு இயங்குவது. லாரிக்கு முட்டுக் கொடுக்கும் எண்ணெய் ஜாக்கியை நாம் அறிவோம். உறுதியான இரும்புச் சட்டத்தின் அடியில் ஜாக்கியும், உச்சியில் ஆப்பும் அமைந்திருக்கும். இடையில் கட்டையை நிறுத்திக் கைப்பிடியை மெல்ல மெல்ல அழுத்தினால், 5 டன் அல்லது அதற்கு மேற்பட்ட விசையோடு கட்டை ஆப்பை நோக்கி உயர்ந்து பிளக்கும். வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் ஓங்குதலும் அடித்தலும் இல்லை. வயதானவரும் செய்யலாம். ஜாக்கியை நிமிர்த்தியே வைக்க வேண்டும். தலைகீழாக வைத்தால் பெரும்பாலான ஜாக்கிகள் வேலை செய்யா. சட்டம் பல டன் விசையைத் தாங்க வேண்டியிருப்பதால், அரைகுறையாக வெல்டிங் செய்த சட்டத்தை நம்புதல் ஆபத்து. தேர்ந்த தொழிலாளியைக் கொண்டே செய்விக்க வேண்டும்.

மூன்றாவது, மின்மோட்டார் கொண்டு எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவது. வீட்டு மின்சாரத்திலேயே, 2 அல்லது 3 குதிரைசக்தி மோட்டாரில் இயங்கும் சிறு கருவிகள் உள்ளன. இவற்றின் விசை 4 முதல் 7 டன் வரை இருக்கும். 2 குதிரைசக்திக் கருவி ஒரு மணி நேரம் முழுவிசையில் ஓடினால் ஏறக்குறைய ஒன்றரை யூனிட் மின்சாரம் செலவாகும். நல்ல கருவியில் இரண்டு கைகளாலும் இரண்டு விசைகளை அழுத்தினால்தான் தள்ளுகோல் நகரும். ஒரு கையை எடுத்தாலும் நின்றுவிடும். கை கட்டையருகே போகாதிருக்கவே இவ்வேற்பாடு. ஒரு விசையைக் கயிற்றால் கட்டி வைத்து ஒரு கையால் இயக்குவது, தெரிந்தே விரலைக் கொடுப்பதாகும்.

சுழலும் திருகுக் கூம்பு ஒன்றும் சந்தையில் உண்டு. டிராக்டரிலோ மோட்டாரிலோ மாட்டினால் அது கட்டையைத் துளைத்துக்கொண்டே பிளக்கும். வேகமாக வேலை செய்யும். ஆயினும் புடவைத் தலைப்பு, துண்டு, கையுறை எது பட்டாலும் சுற்றி இழுத்துவிடும். வீட்டில் இதனை வைத்துக்கொள்ள வேண்டா என்பதே நம் உறுதியான யோசனை.

கைக்கொள்ள வேண்டிய காவல்கள்

கருவி எவ்வகையாயினும் சில விதிகள் பொது.

ஒரு நேரத்தில் ஒருவரே வேலை செய்ய வேண்டும். ஒருவர் கட்டையைப் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் விசையை இயக்குவதே விரல் இழப்புக்கு முதன்மையான வழி. பிடிப்பவர் கை இருக்குமிடம் இயக்குபவருக்குத் தெரிவதில்லை.

பிள்ளைகள் ஐந்தாறு மீட்டர் தூரத்துக்கு அப்பால் இருத்தல் வேண்டும். எந்தக் காரணத்தாலும் சிறுவர் கருவியை இயக்கலாகாது.

காலில் செருப்புக்குப் பதில் மூடிய காலணியும், கண்ணுக்குக் கண்ணாடியும் அணிய வேண்டும். சீமைக் கருவேல் முள் செருப்பைத் துளைத்து உள்ளே முறியும். அப்புண் எளிதில் ஆறாது. புடவைத் தலைப்பை இடுப்பில் இறுகச் செருகிக்கொள்ள வேண்டும்.

கட்டையின் இரு முனைகளும் சதுரமாக அறுக்கப்பட்டிருத்தல் வேண்டும். சாய்வாக வெட்டிய கட்டை விசை ஏறியதும் நழுவித் தெறிக்கும். கட்டை ஆப்பில் சிக்கிக்கொண்டால் முதலில் விசையை நிறுத்தி, ஜாக்கியாயின் அழுத்தத்தை இறக்கி, மின்கருவியாயின் செருகியைப் பிடுங்கிய பின்னரே அதை எடுக்க வேண்டும்.

மின்கருவிக்கு மண்ணிணைப்பும் மின்கசிவுத் தடுப்பானும் கட்டாயம். ஈரத்தரையிலும் மழையிலும் அதைத் தொடலாகாது.

உலர்த்தும் முறை

பிளந்ததோடு வேலை முடிவதில்லை. பாதி வேலைதான் முடிந்தது. பிளந்த விறகைத் தரையில் குவித்து வைத்தால் அடியில் கறையானும் நடுவில் பூஞ்சணமும் பற்றும். இரண்டு வரிசைச் செங்கல்லின்மேல் மூங்கிலைப் பரப்பி, அதன்மேல் இடைவெளி விட்டு அடுக்க வேண்டும். மேலே கீற்றோ தகரமோ போட்டால் போதும். பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். நாற்புறமும் தார்ப்பாய் போட்டு மூடினால், விறகு விட்ட ஈரம் விறகிலேயே படியும். வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்க வேண்டா. தேளும் பாம்பும் அங்கே தங்கும். விறகு எடுக்குமுன் கோலால் தட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

நம் மாவட்டத்தில் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வருகிறது. ஆகவே தை, மாசியில் வெட்டிப் பிளந்து அடுக்கினால், பங்குனி முதல் ஆனி வரையுள்ள வெயில் முழுவதும் நமக்குக் கூலியில்லாத வேலையாள். ஆவணிக்குள் உலர்ந்த விறகை மழைச்சாரல் படாத இடத்துக்கு மாற்றிவிடலாம். மழைக்காலத்தில் ஈர விறகோடு போராடும் துன்பம் அவ்வீட்டில் இராது.

உலர்ந்தது என்பதை எவ்வாறு அறிவது? இரு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும்; ஈரமாயின் மொத்தென்று ஒலிக்கும். வெட்டு முனையில் நடுவிலிருந்து வெடிப்புகள் தோன்றியிருக்கும். இவற்றினும் நம்பகமான சோதனை தராசு. அடுக்கும்போதே நான்கைந்து துண்டுகளில் அடையாளமிட்டு எடை போட்டு எழுதி வையுங்கள். வாரத்துக்கொரு முறை மீண்டும் நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றுவிட்டால் விறகு ஆயத்தம்.

பஞ்சாயத்து என்ன செய்யலாம்?

ஒவ்வொரு வீடும் ஜாக்கிக் கருவியோ மின்கருவியோ வாங்க வேண்டுவதில்லை. ஆண்டில் சில நாட்களே அதற்கு வேலை. நிலைக்கத்தி ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு, பெரிய கருவியை ஊருக்குப் பொதுவாக வைப்பதே சிக்கனம். மகளிர் சுய உதவிக் குழு ஒன்று அதனை ஏற்று நடத்தலாம். நாள்வாடகை சிறிதளவு வாங்கி, பழுது பார்க்கவும் எண்ணெய் மாற்றவும் தனிக்கணக்கில் சேர்க்க வேண்டும். கருவி யாரிடம் எந்த நாள் சென்றது, எந்நிலையில் திரும்பியது என்பதை ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும். பொதுக் கருவிகள் கெடுவது பெரும்பாலும் இந்த நோட்டு இல்லாத ஊர்களில்தான்.

இங்கே ஒரு நியாயமான கவலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் ஊர்களில் விறகு பிளந்தே பிழைப்பவர்கள் சிலர் இருக்கிறார்கள். கருவி வந்தால் அவர்கள் கூலி போய்விடுமே என்பது உண்மையான கேள்வி. அதற்கு விடையை அவர்களிடமிருந்தே தொடங்க வேண்டும். கருவியை இயக்கவும் பராமரிக்கவும் முதல் பயிற்சியை அவர்களுக்கே அளியுங்கள். மரத்தின் நார் ஓட்டத்தையும் கணுவையும் பார்த்த மாத்திரத்தில் அறிபவர்கள் அவர்களே. அடிமரத்தையும் பருத்த கட்டைகளையும் வீட்டுக் கருவியால் பிளக்க இயலாது. அவ்வேலை அவர்களுக்கே உரியது. பிளந்து உலர்த்திய விறகு பச்சை விறகைவிட நல்ல விலைக்குப் போகும். அந்த இலாபத்தில் அவர்களுக்குப் பங்கு கிடைக்கும்படி குழுவின் விதிகளை அமைப்பது பஞ்சாயத்தின் கடமை.

இன்னொன்று. கருவி வந்துவிட்டது, வேலை எளிதாயிற்று என்று அதிகமாக மரம் வெட்டத் தொடங்கினால், நாம் தேடிய நன்மை கைநழுவிப் போகும். பிளந்து உலர்த்துவதன் நோக்கம், குறைந்த விறகில் நிறைந்த வெப்பம் பெறுவது. ஏரியில் சீமைக் கருவேலை அகற்றிய இடத்தில் நீர் நிற்கட்டும். கரையில் பனையும், புறம்போக்கில் வேம்பும் புங்கமும் நிற்கட்டும்.

முடிவாக ஒரு வேண்டுகோள். சொல்லைக் கேட்டு நம்புவதைவிடக் கண்ணால் கண்டு நம்புவதே விவசாயிக்கு இயல்பு. ஆகவே வரும் தை மாதத்தில் பஞ்சாயத்து அலுவலகத்தின் பக்கத்தில் ஒரே மரத்தின் விறகை இரண்டு அடுக்குகளாக வையுங்கள். ஓர் அடுக்கில் முழுக் கட்டைகள். மற்றோர் அடுக்கில் நான்காகப் பிளந்தவை. வாரந்தோறும் அடையாளமிட்ட துண்டுகளை நிறுத்து, எடையைக் கரும்பலகையில் எழுதுங்கள். சித்திரை முடிவில், இரண்டிலிருந்தும் ஒரே எடை விறகை எடுத்து, ஒரே அளவு தண்ணீரை இரண்டு அடுப்புகளில் கொதிக்க வையுங்கள். எது முன்னே கொதிக்கிறது, எதில் எவ்வளவு விறகு மிஞ்சுகிறது, எதில் புகை குறைவு என்பதைத் தாய்மார்களே பார்த்துச் சொல்லட்டும். அவர்கள் கூறும் தீர்ப்பை ஏற்று, அதன்பின் கருவி வாங்குவதைப் பற்றிப் பஞ்சாயத்து முடிவு செய்யட்டும். இச்சோதனைக்கு வேண்டிய உதவியை வட்டார அலுவலகம் செய்யும் என்று உறுதி கூறுகிறோம்.